சுட்டது உங்க நிலத்தில்... மான் விழுந்தது பக்கத்து நிலத்தில்! அமெரிக்காவில் வேலியைத் தாண்டலாமா?

மான் நின்றது உங்கள் நிலத்தில். சுட்டதும் உங்கள் நிலத்தில் இருந்துதான். கையில் உரிமம் இருக்கிறது, வேட்டைப் பருவமும் தொடங்கிவிட்டது. ஆனால் குண்டு பட்ட மான் அங்கேயே விழவில்லை. தடுமாறி ஓடி, முள்கம்பி வேலியைத் தாண்டி, பக்கத்து நிலத்துக்காரரின் மரத்தடியில் போய் விழுந்துவிட்டது. நின்ற இடத்தில் இருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு நிமிடத்தில் போய் இழுத்து வந்துவிடலாம்.

போகலாமா?

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் ஒவ்வொரு நவம்பரிலும் எழும் கேள்வி இது. பார்க்க சின்ன விஷயம்தான். ஆனால் இதில் தப்பான முடிவெடுத்தால் அபராதம் வரும், வேட்டை உரிமம் போகும், பல வருஷப் பக்கத்து வீட்டு உறவும் முறியும். நில எல்லைத் தகராறு ஒன்று ஆறு உயிர்களைப் பறித்த கதையும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. சொந்தப் பட்டா நிலத்தில் பயிரை மேயும் காட்டுப்பன்றியைக்கூட விவசாயி தன்னிஷ்டத்துக்குச் சுட முடியாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வேட்டை என்பது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு என எல்லாம் வகுக்கப்பட்ட சட்டபூர்வமான வழக்கம். அந்த வழக்கத்தில் சட்டப் புத்தகம் பாதி என்றால், மீதிப் பாதி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் முறை.

மான் யாருடைய சொத்து?

முதலில் இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். அமெரிக்காவில் நிலத்துக்காரருக்கு மண் சொந்தம், மரம் சொந்தம். அங்கே மேயும் காட்டு மான் அவருக்குச் சொந்தமில்லை. மக்கள் சார்பில் மாநில அரசு பொறுப்பேற்றுப் பராமரிக்கும் பொதுச் செல்வமாகவே வனவிலங்குகள் கருதப்படுகின்றன. இங்கிலாந்தில் வேட்டை என்பது அரசருக்கும் பிரபுக்களுக்குமான சலுகையாக இருந்தது. அதை விட்டு வந்து குடியேறியவர்கள் அந்த முறையை அப்படியே ஏற்க விரும்பவில்லை.

ஆக, ஒரு மானைச் சுட இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். ஒன்று, அரசு தரும் உரிமம். அது மானுக்கானது. இன்னொன்று, நிலத்துக்காரரின் சம்மதம். அது கால் வைப்பதற்கானது. முதல் சாவியை வைத்து இரண்டாவது பூட்டைத் திறக்க முடியாது. 'என்கிட்ட லைசென்ஸ் இருக்கே' என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாதாடுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, அடிபட்ட மான் எப்போது வேட்டைக்காரருடையது ஆகிறது? அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1805-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த 'பியர்சன் எதிர் போஸ்ட்'. லாங் ஐலேண்டில் போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு போகிறார். பிடிக்கப் போகும் நேரத்தில் பியர்சன் குறுக்கே வந்து நரியைக் கொன்று தூக்கிப் போய்விடுகிறார். வழக்கு மேல் நீதிமன்றம் வரை போனது. வெறுமனே துரத்தியதால் நரி உனக்குச் சொந்தமாகாது, கொன்று கைப்பற்றியவருக்கே சொந்தம் என்று தீர்ப்பு. ஆனால் உயிர்போகும் அளவுக்குக் காயப்படுத்திவிட்டு, விடாமல் பின்தொடர்ந்தால் அதையும் கைப்பற்றியதாகக் கருதலாம் என்றும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. ஒற்றை நரிக்காக இத்தனை சட்ட ஆராய்ச்சி! தீர்ப்பை எழுதிய நீதிபதி டேனியல் டாம்ப்கின்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் துணை அதிபரே ஆனார்.

அந்தத் தீர்ப்பு சொன்னது விலங்கின் உரிமையைப் பற்றி. பக்கத்து நிலத்துக்குள் நுழையும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. மான் உங்களுடையதாகவே இருக்கட்டும். அது கிடக்கும் மண் உங்களுடையது இல்லையே.

பலகை இல்லையென்றால் போகலாமா?

இதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறுகிறது.

வெர்மான்ட் மாநிலத்தின் அரசியல் சாசனத்தில், வேலியிடாத நிலங்களில் பருவகாலத்தில் வேட்டையாடும் சுதந்திரம் 1777 முதலே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே 'வராதே' என்று சொல்ல வேண்டிய வேலை நிலத்துக்காரருடையது. அதுவும் சும்மா ஒரு பலகையை மாட்டினால் போதாது. ஒவ்வொரு மூலையிலும், இடையில் 400 அடிக்கு மிகாமலும் பலகை வைக்க வேண்டும். பலகையில் அந்த ஆண்டின் தேதி இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஊர் எழுத்தரிடம் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மெயின் மாநிலத்திலும் இதே மாதிரியான பழக்கம். அங்கே நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியாருடையது. இருந்தாலும் பலகை இல்லாத காட்டுக்குள் ஊர்க்காரர்கள் நடந்து போவது காலங்காலமாக நடக்கிறது.

மொன்டானாவிலும் இல்லினாயிலும் நேர் எதிர். பலகை இருக்கோ இல்லையோ, தனியார் நிலத்தில் வேட்டையாட அனுமதி வாங்கியே ஆக வேண்டும். மினசோட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விவசாய நிலம் என்றால் பலகை இல்லாவிட்டாலும் அனுமதி கட்டாயம். விவசாயம் இல்லாத, பலகையும் இல்லாத நிலத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை.

இந்தப் பலகைகளுக்கும் ஆயுள் குறைவு. காற்றில் கிழியும், யாராவது பிடுங்கிப் போடுவார்கள். அதற்கு ஒரு மாற்று வந்தது: ஊதா பெயின்ட். 1989-ல் ஆர்கன்சா தொடங்கி வைக்க, பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. டெக்சாஸ் சட்டப்படி மரத்திலோ கம்பத்திலோ செங்குத்தாகக் குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் ஊதாக் கோடு போட வேண்டும். கோட்டின் அடிப்பகுதி தரையில் இருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். காட்டு நிலத்தில் 100 அடிக்கு ஒன்று, மற்ற நிலத்தில் 1,000 அடிக்கு ஒன்று. இந்தக் கோடு இருந்தால் 'அத்துமீறி நுழையாதே' என்று எழுதி வைத்ததற்குச் சமம். மெயினில் அதே ஊதாவுக்குப் பொருள் கொஞ்சம் மென்மையானது: 'அனுமதி கேட்டுவிட்டு வா'. ஐடஹோ, மொன்டானா பக்கம் போனால் நிறம் ஆரஞ்சு.

வேட்டைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கும் அமெரிக்கவாழ் தமிழர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. டெக்சாஸில் வார இறுதியில் குழந்தைகளோடு நடைப்பயணம் போகும்போது மரத்தில் ஊதாக் கோடு தெரிந்தால், அது யாரோ விளையாட்டாகத் தீட்டியது அல்ல.

காயம்பட்ட மானைத் தேடிப் போகலாமா?

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நம் அகப்பாடல்களில் தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, 'நான் எய்த அம்பு பட்ட கலைமான் இந்தப் பக்கம் வந்ததா?' என்று கேட்பான். கோவை நூல்களில் 'கலைமான் வினாதல்' என்று இதற்குத் தனித்துறையே உண்டு. அவன் தேடி வந்தது மானை அல்ல என்பது வேறு விஷயம். ஆனாலும் அடுத்தவர் புனத்துக்குள் இறங்கித் தேடாமல், காவல் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அமெரிக்கச் சட்டங்களில் பெரும்பாலானவை எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

டெக்சாஸில் கறார். காயம்பட்ட விலங்கு எல்லை தாண்டிவிட்டால், அந்த நிலத்துக்காரரின் சம்மதம் இல்லாமல் பின்தொடரக் கூடாது. மாநிலத்தில் 95 சதவீத அளவுக்குத் தனியார் நிலம் என்பதால் அங்கே எல்லை என்பது சாதாரண விஷயமில்லை. உங்கள் துப்பாக்கியில் இருந்து கிளம்பிய தோட்டா எல்லையைத் தாண்டிப் பறப்பதுகூட, அடுத்த நிலத்துக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லையென்றால் தனிக் குற்றம்.

மினசோட்டா கொஞ்சம் இறங்கி வருகிறது. சட்டப்படி சுட்ட விலங்கு காயத்தோடு ஓடியிருந்தால், பலகை இல்லாத நிலத்துக்குள் நடந்து போய் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடலாம். தெற்கு டகோட்டாவில் பறவை, முயல் போன்ற சிறு விலங்கு என்றால் ஆயுதமில்லாமல் போய் எடுக்கலாம். மானுக்கு அந்தச் சலுகை கிடையாது. வர்ஜீனியாவில் நாய்களுக்கென்றே ஒரு விதி. வேட்டை நாய் பக்கத்து நிலத்துக்குள் ஓடிவிட்டால், நிலத்துக்காரர் தடை போட்டிருந்தாலும் நாயைப் பிடித்துவர உள்ளே போகலாம். ஆனால் துப்பாக்கியோ வில்லோ கையில் இருக்கக் கூடாது, வண்டியில் போகக் கூடாது, நிலத்துக்காரர் கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால் அது குற்றம். 'நாய்க்கு எழுத்து தெரியுமா?' என்பது வேட்டைக்காரர்கள் வாதம். 'என் நிலத்தில் உன் நாய்க்கு என்ன வேலை?' என்பது நிலத்துக்காரர்கள் வாதம். அந்த மாநிலத்தில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். சுட்ட விலங்கை அப்படியே அழுகவிடுவது பல மாநிலங்களில் குற்றம். எடுப்பதற்கு நியாயமான முயற்சி செய்தே ஆக வேண்டும். ஒரு சட்டம் 'போய் எடு' என்கிறது. இன்னொரு சட்டம் 'கால் வைக்காதே' என்கிறது. நடுவில் வேலிக்கு அந்தப் பக்கம் மான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கலாம்.

நிலத்துக்காரர் 'முடியாது' என்று சொல்லிவிட்டால்? பெரும்பாலான மாநிலங்களில் அதோடு முடிந்தது. 'கேம் வார்டன்' எனப்படும் வனவிலங்குச் சட்ட அதிகாரிக்குப் போன் செய்யலாம். அவர் வந்து பேசிப் பார்ப்பார். சீருடையில் ஒருவர் வந்து பொறுமையாகக் கேட்டால் சிலர் இறங்கி வருவார்கள். ஆனாலும் நிலத்துக்காரரைக் கட்டாயப்படுத்தி உங்களை உள்ளே விடும் அதிகாரம் பொதுவாக அவருக்குக் கிடையாது.

ஜெர்மனியில் இதற்கு வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே வேட்டை நிலங்கள் மாவட்டம் மாதிரி பிரிக்கப்பட்டவை. அடிபட்ட விலங்கு அடுத்தவர் பகுதிக்குள் போனால் யார் தேடுவது, இறைச்சி யாருக்கு என்று பக்கத்துப் பக்கத்துப் பகுதிக்காரர்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். 'வில்ட்ஃபோல்க' என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால், அந்த ஒப்பந்தத்தின் வேலையைப் பழக்கவழக்கம் செய்ய வேண்டியிருக்கிறது.

எப்படிக் கேட்க வேண்டும்?

அனுபவசாலிகள் ரத்தத்தடத்தைப் பார்த்த பிறகு கதவைத் தட்டுவதில்லை. அவர்கள் தட்டுவது கோடையில். நவம்பர் பருவத்துக்கு ஜூலையிலேயே போய்ப் பேசிவிடுகிறார்கள். பருவம் தொடங்கும் நாள் அதிகாலை இருட்டில், உடம்பெல்லாம் காட்டு நிற உடையோடு ஒருவர் வந்து வாசலில் நின்றால் யாருக்குத்தான் கதவைத் திறக்க மனசு வரும்?

போகும் விதத்திலும் முறை இருக்கிறது. பகலில், சாதாரண உடையில் போக வேண்டும். துப்பாக்கி வண்டியிலேயே இருக்கட்டும், முடிந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். நாலு பேராகப் போய் நிற்கக் கூடாது. யார், எங்கே குடியிருக்கிறோம், எந்த நிலத்தில் வேட்டையாடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, 'ஒருவேளை மான் உங்க பக்கம் வந்துட்டா, போன் பண்ணிட்டு வந்து எடுத்துக்கலாமா?' என்று கேட்பது ஒரு தனிக் கேள்வி. வேட்டையாட அனுமதி கேட்பதைவிட இது சிறிய கோரிக்கை. வேட்டையே பிடிக்காத நிலத்துக்காரர்கூட, விலங்கு வீணாகக் கிடந்து அழுக வேண்டாமே என்று இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். 'வேண்டாம்' என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். காரணம் கேட்டு நிற்பது மரியாதை இல்லை.

வாய்ச்சொல் போதுமா? சில மாநிலங்களில் போதும். வடக்கு கரோலினாவில் பலகையோ ஊதாக் கோடோ இருக்கும் நிலத்தில் வேட்டையாட, கடந்த 12 மாதங்களுக்குள் தேதியிட்ட எழுத்துபூர்வ அனுமதி கையிலேயே இருக்க வேண்டும். பல மாநில வனவிலங்குத் துறைகள் இதற்கான அனுமதிச் சீட்டை அச்சிட்டே தருகின்றன. சட்டம் கேட்காத இடத்திலும் எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். போன வருஷம் அனுமதி கொடுத்த தாத்தா இந்த வருஷம் இல்லாமல் போகலாம். நிலம் பேரன் கைக்கு வந்திருக்கலாம்.

நிலத்துக்காரர்கள் தயங்குவதற்கு நியாயமான பயமும் ஒன்று உண்டு. 'என் நிலத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு என் மேலேயே வழக்கு போட்டால்?' இதற்காகவே 50 மாநிலங்களிலும் தனிச் சட்டம் இருக்கிறது. பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு அது பெருமளவு பாதுகாப்பு தருகிறது. கட்டணம் வாங்கினால் பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

அனுமதி கிடைத்த பிறகு நடந்துகொள்ளும் விதத்தில்தான் அடுத்த வருஷ அனுமதி இருக்கிறது. வாயில் கதவு திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். ஆள் சொல்லாத கதவைச் சாத்திவிட்டால், அந்தப் பக்கம் தண்ணீருக்குப் போகும் மாடு திண்டாடும். ஈரமான வயலில் வண்டி ஓட்டக் கூடாது. உங்களுக்குக் கிடைத்த அனுமதி உங்கள் மச்சானுக்குக் கிடைத்ததாகாது. மானைக் கண்டுபிடித்தால் குடலை வழியில் கொட்டிவிட்டு வரக் கூடாது. கிளம்பும்போது 'எடுத்துட்டேன், கிளம்பறேன்' என்று ஒரு தகவல். பிறகு ஒரு பொட்டலம் இறைச்சி, இல்லையென்றால் வேலி சரிசெய்ய ஒருநாள் கைவேலை.

சுடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டியதும் இருக்கிறது. எல்லைக்கு ஒட்டிப் பரண் கட்டி, பக்கத்து நிலத்தைப் பார்த்து உட்காருவது பல இடங்களில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஊருக்குள் அதற்கு நல்ல பெயர் கிடையாது. அம்பு பட்ட மான் நூறு கஜம் ஓடுவது சாதாரணம். எல்லையில் இருந்து இருபது கஜத்தில் பரண் என்றால், மான் எங்கே போய் விழும் என்பது கட்டும்போதே தெரிந்த கதைதானே?

இன்னொரு விஷயம். அம்பு எய்தவர்கள் உடனே பின்னால் ஓடுவதில்லை. குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருப்பார்கள்; துரத்தினால் மான் இன்னும் தூரம் ஓடும், காத்திருந்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் செய்ய அந்த அரை மணி நேரம் தாராளம்.

ஆறு பேர் இறந்த அந்த நாள்

2004 நவம்பர் 21. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பகுதி. அடுத்தவர் நிலத்தில் இருந்த மான் பரணில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாவோஸில் இருந்து அகதிகளாக வந்து குடியேறிய ஹமாங் சமூகத்தைச் சேர்ந்தவர். வழி தவறி வந்துவிட்டதாகவும், பொது நிலம் என்று நினைத்ததாகவும் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். நிலத்தின் உரிமையாளர் தரப்பு வந்து இறங்கச் சொன்னது. அவர் இறங்கி நடக்கத் தொடங்கினார். அதன் பிறகு வாக்குவாதம். தன்னை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், முதலில் சுட்டது அவர்கள்தான் என்றார் அவர். உயிர்தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள், இருவர் காயமடைந்தார்கள். 2005-ல் அவருக்கு ஆறு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

ஆறு பேரின் சாவுக்குப் பரண் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டு சமூகங்களுக்கு இடையே ஏற்கெனவே இருந்த கசப்பு அதில் கலந்திருந்தது. பொது நிலமும் தனியார் நிலமும் மாறி மாறிக் கிடக்கும் காட்டில், எல்லோர் தோளிலும் துப்பாக்கி தொங்கும் நாளில், 'இது யார் இடம்?' என்ற கேள்வியை எந்தக் குரலில் கேட்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை.

மண்ணை மிதிக்காமல் காற்றில் தாண்டினால்?

கடைசியாக, சமீபத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு விநோத வழக்கு. 1860-களில் ரயில் பாதை போட ஊக்கமாக, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என நிலத்தை ரயில் நிறுவனங்களுக்கு அரசு கொடுத்தது. அதனால் வயோமிங் மாநிலத்தின் ஒரு பகுதி இன்றும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது: கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது. ஒரு வெள்ளைக் கட்டத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போக, இரண்டும் தொட்டுக்கொள்ளும் மூலைப்புள்ளி மட்டுமே வழி.

2020-லும் 2021-லும் மிசோரியில் இருந்து வந்த வேட்டைக்காரர்கள் எல்க் மலைப் பகுதியில் அந்த மூலைகளைத் தாண்டினார்கள். இரண்டாவது முறை, இதற்காகவே செய்த ஓர் இரும்பு ஏணியோடு வந்தார்கள். ஏணி ஊன்றியது பொது நிலத்தில், இறங்கியதும் பொது நிலத்தில். தனியார் மண்ணில் ஒரு கால்கூடப் படவில்லை. ஆனால் மூலையைத் தாண்டும் அந்த நொடியில் அவர்களின் உடம்பு தனியார் நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றுவெளியில் இருந்தது. பண்ணை உரிமையாளரான தொழிலதிபர் ஃப்ரெட் எஷெல்மனின் நிறுவனம் பல லட்சம் டாலர் இழப்பு என்று வழக்குப் போட்டது.

குற்ற வழக்கில் 2022-ல் ஜூரி அவர்களை விடுவித்தது. சிவில் வழக்கிலும் 2023-ல் அவர்கள் ஜெயித்தார்கள். 2025 மார்ச்சில் 10-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பொது நிலத்துக்கு மக்கள் போவதைத் தடுத்து வேலி போடக் கூடாது என்ற 1885-ம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கன்சஸ், ஓக்லஹோமா ஆகிய 6 மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். அதுவும் பொது நிலத்தில் இருந்து பொது நிலத்துக்கு மூலை தாண்டுவதற்கு மட்டும். வயோமிங்கின் வடக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மொன்டானாவுக்கு அது பொருந்தாது. அங்கே அதிகாரிகள் வேட்டைக்காரர்களிடம் சொல்வது பழைய பதில்தான்: மூலையைத் தாண்டும் முன் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள்.